கவர்னர் என்ற சொல்லும் சீர் என்ற சொல்லும்



பத்தாண்டு நிறைவு விழாவில் காவியத்தைப் பற்றியோ கவிதையைப் பற்றியோ பேசாமல் ஓர் இயந்திர உறுப்பின் பெயரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். வேறு ஊராயின் அந்த ஐயம் நியாயமே. புதுச்சத்திரம், சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே நெடுஞ்சாலையின்மேல் அமர்ந்த ஊர். முன்பு 7 என்றும் 2010ஆம் ஆண்டின் மாற்றத்துக்குப் பின் 44 என்றும் எண்ணிடப்பட்ட அந்தச் சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. தெற்கே நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள்; மேற்கே திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். பாடி, சேசிஸ், கிளட்ச், பேரிங் என்னும் சொற்கள் இந்த வட்டாரத்துக்கு விருந்தாக வந்தவை அல்ல. குடியேறித் திண்ணை வைத்து வீடு கட்டிக்கொண்டவை. அக்குடிகளுள் ஒன்றை மட்டும் இன்று விசாரிக்கலாம். அதன் பெயர் கவர்னர்.

காலைச் செய்தியில் கவர்னர் சட்டமன்றத்தில் உரையாற்றுகிறார். அதே காலையில் டீசல் பம்ப் பழுது பார்க்கும் கடையில், கவர்னரின் வெயிட் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். கேட்பவர் எவரும் குழம்புவதில்லை. இரண்டும் ஒலியால் ஒன்றுபட்ட வேறு வேறு சொற்கள் என்றே பலர் எண்ணியிருப்பர். உண்மையில் இரண்டும் ஒரு தாய் மக்கள். அந்தத் தாய் பிறந்த இடம் அரண்மனையும் அன்று, பட்டறையும் அன்று, கடல்.

கப்பலின் சுக்கானைப் பிடித்து நடத்துவதைக் கிரேக்கர் குபெர்னான் என்றனர், நடத்துபவன் குபெர்னேத்தேஸ். உரோமர் அதைக் கடன் வாங்கிக் குபெர்னாரே, குபெர்னாத்தோர் என்று தம் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டனர். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலம் புகுந்தபோது கவர்னர் ஆயிற்று. நாட்டைக் கப்பலாகவும் ஆள்வோனைச் சுக்கான் பிடிப்பவனாகவும் காண்பது கிரேக்கரின் பழைய உருவகம். பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் அது விரிவாக வருகிறது. அந்த உருவகத்தின் வழியே சொல் கடலைவிட்டுக் கரையேறி அரியணையில் அமர்ந்தது. ஆயினும் பழைய பொருள் நெடுநாள் மறையவில்லை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், யாக்கோபு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், பெரிய கப்பலைச் சிறிய சுக்கானால் திருப்புகிறவனுக்குக் கவர்னர் என்றே பெயர். தமிழ் விவிலியத்தில் அவ்விடத்தில் நடத்துகிறவன் என்று பொருள்படும் எளிய சொல்லே நிற்கிறது. மொழிபெயர்த்தவர்கள் அங்கே கடலைத்தான் பார்த்தார்கள், ஆட்சியைப் பார்க்கவில்லை.

தமிழில் இந்தத் தொழிலுக்குச் சொல் இல்லாமல் போகவில்லை. மீகான், மீகாமன், நீகான், மாலுமி என ஒரு குடும்பமே உண்டு. அகநானூற்றின் 255ஆம் பாடலில் வரும் நீகான், கரையில் உயர்ந்த மாடத்தில் எரியும் விளக்கைக் கண்டு திசையறிந்து மரக்கலத்தைச் செலுத்துகிறான். விளக்கைப் பார்த்தல், விலகலை உணர்தல், திருப்புதல், மீண்டும் பார்த்தல் என்பதே அவன் தொழில். இந்த நான்கும் பின்னால் இயந்திரத்தில் திரும்ப வரும். அதனால் நினைவில் இருக்கட்டும்.

ஆனால் ஆட்சிக்கு உவமை தேடியபோது சங்கப் புலவர் கப்பலுக்கே போகவேண்டும் என்றிருக்கவில்லை. தொண்டைமான் இளந்திரையன் பாடிய புறநானூற்றின் 185ஆம் பாட்டில் நாடு ஒரு வண்டி. ஓட்டத் தெரிந்தவன் கையில் அது இடையூறின்றி ஓடும். தெரியாதவன் கையில் சேற்றில் அழுந்தித் துன்பம் தரும். பாடியவன் தானே அரசன் என்பதால் இந்த உவமைக்குக் கூடுதல் மதிப்பு. லாரி ஓட்டும் வட்டாரத்து வாசகர் அந்தப் பாட்டைப் படிக்க உரையாசிரியர் துணை அதிகம் தேவைப்படாது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சொல் பல வாயில்களில் வந்தது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் 18ஆம் நூற்றாண்டு நாட்குறிப்பில் அது குவர்னதோர். போர்த்துகீசிய வாடை அதில் இன்னும் வீசுகிறது. இலங்கைத் தமிழர் ஒலியைத் தள்ளிப் பொருளைப் பற்றித் தேசாதிபதி என்றனர். சென்னை மாகாணத்தார் ஆங்கில ஒலியோடு கவர்னர் என்றனர். பின்பு ஆளுநர் என்ற சொல் ஊன்றியது. ஆள் என்னும் வேரிலிருந்து கிளைத்த நல்ல சொல் அது. அரசுப் பதவிக்கு அதைவிடப் பொருத்தமானதைத் தேட வேண்டியதில்லை.

இங்கே சேலத்தாருக்கு உரிமையுள்ள செய்தி ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. தமிழில் அறிவியல் சொற்களை ஆக்குவதற்கென்று 1916ஆம் ஆண்டு சேலத்தில் ஒரு சங்கம் தோன்றியது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவர் அப்போது சேலத்தில் வழக்கறிஞராயிருந்த இராஜாஜி. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1948இல், அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். கலைச்சொல் ஆக்கப் புறப்பட்டவரே ஒரு கலைச்சொல்லால் அழைக்கப்பட்டது வரலாற்றின் குறும்பு.

இனி இயந்திரம். காற்றாலையில் மாவரைத்த நாளிலேயே ஐரோப்பியருக்கு ஒரு தொல்லை இருந்தது. காற்று ஒரே அளவில் வீசுவதில்லை. வேகம் கூடினால் திரிகைக் கற்களின் இடைவெளி மாறி மாவு கெட்டுவிடும். அதைச் சரிசெய்யச் சுழலும் குண்டுகளை அமைத்தனர். அந்த அமைப்பை 1788ஆம் ஆண்டு ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் பொருத்தினார். நிமிர்ந்த தண்டு ஒன்று. அதன் உச்சியில் கீல் வைத்த இரு கைகள். கைகளின் நுனியில் இரண்டு இரும்புக் குண்டுகள். இயந்திரம் சுழலத் தண்டும் சுழலும். வேகம் கூடினால், திருவிழா ராட்டினத்தில் தொட்டில்கள் வெளிப்புறம் வீசி எழுவதைப்போலக் குண்டுகள் விலகி உயரும். அவை உயர, தண்டில் கோத்த வளையம் நகர்ந்து நீராவி வரும் வழியைச் சிறிது அடைக்கும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழும்; வழி திறக்கும்.

இவ்வளவுதான் அந்தக் கருவி. இதில் கவனிக்கத்தக்கது ஒன்றே. இயந்திரத்தின் அருகில் யாரும் கோல் பிடித்து நிற்கவில்லை. வேகத்தை அடக்குவது வெளியிலிருந்து வரும் கட்டளை அன்று, அந்த வேகமேதான். கூடிய வேகமே தன் உணவைக் குறைத்துக்கொள்கிறது. குறைந்த வேகமே தன் உணவைக் கூட்டிக்கொள்கிறது. மாடத்து விளக்கைப் பார்த்துச் சுக்கானைத் திருப்பிய நீகானை இரண்டு இரும்புக் குண்டுகளாக வடித்துவிட்டார்கள் என்றால் மிகையன்று. இயற்கைத் தேர்வு என்னும் கொள்கையை டார்வினோடு ஒரே காலத்தில் கண்ட ஆல்பிரட் ரசல் வாலஸ், 1858இல் எழுதிய கட்டுரையில் அந்தக் கொள்கை தொழிற்படும் முறைக்கு இந்தக் கவர்னரையே உவமை காட்டினார். கவிஞர்கள் நீராவி இயந்திரத்தின் புகையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் உயிரியல் அறிஞர் ஒருவர் அதன் குண்டுகளைப் பார்த்திருக்கிறார்.

வாட்டின் குண்டுகளை இங்குள்ளோர் நேரில் கண்டிருக்க மாட்டார்கள். அவற்றின் சிறு பேரர்களைக் கண்டவர்கள் உண்டு. சாவி கொடுத்து ஓட்டிய கிராமபோன் பெட்டிக்குள், தட்டை வில்களில் பொருத்திய மூன்று சிறு எடைகள் சுழலும். சாவி முழுக்க முறுக்கியிருந்தாலும் தளர்ந்துகொண்டு வந்தாலும், திருமண வீட்டுப் பாட்டு ஒரே சுருதியில் நின்றது அவற்றின் தயவு.

அதைவிட நெருக்கமானது கிணற்று மேட்டின் ஆயில் இஞ்சின். கவலை இறைத்த காலத்தில் இறைவையின் வேகத்தைக் காத்தவர் மாட்டை ஓட்டியவர்தாம். சரிவில் இறங்கும்போது வடத்தின்மேல் அமர்ந்தும், பின்னேறும்போது மாட்டைத் தட்டிக் கொடுத்தும் அவர் நாள் முழுதும் ஒரு கதியைக் காத்தார். மாடு போய் இஞ்சின் வந்தது. மின்கம்பி எட்டாத தோட்டங்களில் பெரிய சக்கரங்களோடு அது குதித்துக் குதித்து ஓடியது. பாரம் ஏறினால் அதன் ஓசை கனக்கும், புகை கறுக்கும். உள்ளே கவர்னர் டீசலைக் கூட்டியிருக்கும். கிணற்றில் நீர்மட்டம் இறங்கி, குழாயின் அடிவாய்க்குக் கீழே போய்விட்டால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். அந்த நொடியில் இஞ்சினுக்குப் பாரமே இல்லை. கவர்னர் இல்லையென்றால் அது வெறிபிடித்ததுபோல் ஓடித் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். இருப்பதனால், ஓசை சட்டென்று இலேசாகி, இஞ்சின் வெறுமனே தத்திக்கொண்டிருக்கும். வீட்டுத் திண்ணையில் இருப்பவர் காதுக்கு அது ஒரு செய்தி: கிணறு வற்றிவிட்டது. மழை பொய்க்கும் இந்தச் சமவெளியில் அந்த ஓசை மாற்றத்தைக் கேட்டு மனம் கலங்காத குடியானவர் இருந்திருக்க முடியாது. கிணற்றை எழுதிய கவிதைகள் தமிழில் ஏராளம். அந்த ஓசையை எழுதிய கவிதை வேண்டும்.

டீசல் இஞ்சினுக்குக் கவர்னர் ஏன் இன்றியமையாதது என்பதற்குக் காரணம் எளிது. பெட்ரோல் இஞ்சினில் காற்று புகும் வாயிலையே ஓட்டுநர் கால் கட்டுப்படுத்துகிறது. டீசல் இஞ்சின் வேண்டிய காற்றைத் தடையின்றி இழுத்துக்கொள்கிறது. அதன் வேகம் ஊற்றும் டீசலையும் இழுக்கும் பாரத்தையும் பொறுத்தது. பாரம் திடீரென்று நீங்கினால் தானாக நிற்கும் எல்லை ஒன்று அதற்கு இல்லை. ஆகவே பழைய லாரிகளின் டீசல் பம்ப்பில் கவர்னர் இரண்டு காவல்களைச் செய்தது. வண்டி நிற்கும்போது இஞ்சின் அணைந்துவிடாமல் காத்தது. ஓடும்போது இஞ்சின் எல்லை மீறாமல் காத்தது. மேல் எல்லையைக் குறிக்கும் திருகாணிக்கு ஈயச் சீல் வைப்பது வழக்கம். சீலை உடைத்துத் திருகாணியை மாற்றினால் வேகம் கிடைக்கும். இஞ்சினின் ஆயுள் குறையும்.

கவர்னருக்கும் கையாலாகாத இடம் உண்டு; அதையும் சொல்லவேண்டும். சேலத்துக்கு வடக்கே, இதே சாலையில், தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. தருமபுரியிலிருந்து இறங்கும் பார வண்டிகள் அங்கே கட்டுக்கடங்காமல் மோதிப் பல உயிர்கள் மாண்டிருக்கின்றன. இறக்கத்தில் இஞ்சின் சக்கரத்தை உருட்டுவதில்லை. சக்கரம் இஞ்சினை உருட்டுகிறது. கவர்னர் டீசலை முற்றாக நிறுத்தினாலும் மலை தள்ளுவதை அதனால் நிறுத்த இயலாது. டீசல் மிச்சம் என்று கியரை விலக்கி நியூட்ரலில் இறக்கினால் சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் இருந்த தொடர்பும் அற்றுப்போகும். எஞ்சுவது பிரேக் மட்டும். அதுவும் சூடேறித் தளர்ந்தால் பிறகு எதுவும் இல்லை. தாழ்ந்த கியரில் நிதானமாக இறங்கும் ஓட்டுநரின் காலும் காதுமே அங்கே கவர்னர்.

சட்டமும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 118ஆம் விதி வேகக் கவர்னரைப் பற்றியது. 2015இல் வந்த அறிவிப்பின்படி அந்த ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து உற்பத்தியாகும் போக்குவரத்து வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கட்டாயம். பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர். டேங்கர், பள்ளிப் பேருந்து போன்றவற்றுக்கு 60. நாளேடுகள் இதை வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று எழுதுகின்றன. சட்டத்தின் இந்தக் கருவிக்கு அந்தப் பெயர் பொருந்தும். ஏனெனில் இது மேல் எல்லையில் வேலி போடுவது மட்டுமே. எண்பதைத் தாண்டாதே என்று சொல்லும். நாற்பதில் தள்ளாடினால் கேட்காது. வாட்டின் குண்டுகளோ இரு திசையிலும் வேலை செய்தன. சட்டத்தில் பெயர் நின்றது. பொருளில் பாதி உதிர்ந்துவிட்டது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கேற்ப வரும் லாரிகளில் சுழலும் எடைகளும் இல்லை. மின்னணுப் பெட்டி ஒன்று இஞ்சினின் சுற்றை எண்ணி, டீசலை அளந்து கொடுக்கிறது. வேலை நடக்கிறது, கண்ணால் காண ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு கவிஞரை அழைக்கலாம். மின்காந்தக் கொள்கையால் உலகப் புகழ் பெற்ற ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ஓய்வு நேரத்தில் கவிதை எழுதியவர். 1868ஆம் ஆண்டு கவர்னர்களைப் பற்றி ஒரு கணிதக் கட்டுரை எழுதினார். கவர்னர் பொருத்திய இயந்திரங்களில் சில அமைதியாக ஓடாமல் ஏறுவதும் இறங்குவதுமாகத் தவித்தன. திருத்தம் காலந்தாழ்ந்து வந்தாலும், அளவு மீறி வந்தாலும் இந்தத் தவிப்பு நேரும் என்பது இன்று பொறியியல் மாணவர் அறிந்த பாடம். எந்த நிலையில் அமைதி கிட்டும் என்று கணக்கிட்டுக் காட்ட முயன்றவர்களில் மாக்ஸ்வெல் முன்னோடி. 1948இல் நார்பர்ட் வீனர், விலங்கிலும் இயந்திரத்திலும் நடக்கும் இவ்வகைத் தன்திருத்தத்தை ஆராயும் துறைக்குப் பெயர் தேடியபோது, மாக்ஸ்வெல்லின் கட்டுரையை நினைவுகூர்ந்து, கவர்னரின் கிரேக்க மூலத்துக்கே திரும்பினார். அப்படிப் பிறந்தது சைபர்நெட்டிக்ஸ். அதன் தலையை வெட்டி எடுத்ததே இன்று காவல் நிலையப் பலகைகளில் காணும் சைபர். பழைய கணக்கு வாத்தியார்கள் பூஜ்யத்தைச் சைபர் என்றது அரபியிலிருந்து வந்த வேறு சொல். அதற்கும் இதற்கும் உறவில்லை. ஆக, சுக்கான் பிடித்தவன் அரசனாகி, இரும்புக் குண்டாகி, கணிப்பொறிக்குள் புகுந்து, கடைசியில் குற்றப் பிரிவின் பெயரிலும் வந்து நிற்கிறான்.

இனி இந்த உறுப்புக்குத் தமிழில் என்ன பெயர் என்னும் கேள்வி. ஆளுநர் என்றால் சிரிப்பு வரும். கட்டுப்படுத்தி என்றால் வெளியிலிருந்து யாரோ அடக்குவதாகப் பொருள்படும். அது இந்தக் கருவியின் உயிருக்கே முரண். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ஆள் என்ற வேரிலிருந்து ஆளி என்னும் சொல்லை எடுத்து மின்சாரச் சுவிட்சுக்குச் சூட்டிவிட்டார்கள். அழகான சொல், ஆனால் இடம் போய்விட்டது. பட்டறையோ இந்த வழக்கு எதிலும் கலந்துகொள்ளாமல் கவர்னர் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதில் குறை காண்பதற்கு ஒன்றும் இல்லை. எனினும் அதே பட்டறையில் இன்னொரு சொல்லும் வழங்குகிறது. கவர்னர் சரியாக இருந்தால் இஞ்சின் சீராக ஓடுகிறது என்கிறார் மெக்கானிக். இந்தச் சீர் எங்கிருந்து வந்தது என்று இந்த அவைக்குச் சொல்லவேண்டியதில்லை. அசைகள் சேர்ந்து நடக்கும் நடைக்கு யாப்பிலக்கணம் வைத்த பெயர் அதுவே.

புதுக்கவிதை வந்த நாள்முதல் யாப்பைப் பற்றி இரு கட்சிகள் வழக்காடி வருகின்றன. தளை என்ற சொல்லுக்கு விலங்கு என்ற பொருளும் இருப்பது ஒரு கட்சிக்கு வசதியாய்ப் போயிற்று. விலங்கை உடைத்தோம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. ஆனால் வெண்பாவின் தளை உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மாச்சீர் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்கவேண்டும். விளம் முடிந்தால் நேரில் தொடங்கவேண்டும். காய் முடிந்தாலும் நேர். வெளியிலிருந்து எந்த அதிகாரியும் ஆணையிடுவதில்லை. இப்போது முடிந்த சீரே அடுத்த சீரின் தொடக்கத்தைத் திருத்துகிறது. குறுகி முடிந்தால் நீண்டு தொடங்கு, நீண்டு முடிந்தால் குறுகித் தொடங்கு என்பதுதான் ஏறத்தாழ அதன் போக்கு. வேகம் கூடினால் வாயிலைச் சாத்து, குறைந்தால் திற என்று வாட்டின் குண்டுகள் செய்ததும் இந்த வகைக் காரியமே. இதை விலங்கு என்று படித்ததில் யாப்பை வெறுத்தவர் மட்டும் தவறவில்லை. விலங்காகவே அதைப் பூட்டிக்காட்டிய வாத்தியார்களுக்கும் அதில் பங்குண்டு.

யாப்பைத் துறந்தவர்க்கும் இந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. முந்திய அடியைக் காதால் கேட்டுப் பிந்திய அடியை அமைக்கும் வேலையை யார் செய்வது? வசன கவிதையில் அந்தப் பொறுப்பு எழுதுபவரின் காதுக்கே வந்து சேர்கிறது, தொப்பூர் இறக்கத்து ஓட்டுநருக்குப் போல. வட்டத்தின் கூட்டங்களில் வாசிக்கப்படும் நெடுங்கவிதைகள் நடுவில் ஏறி இறங்கித் தவிப்பதற்கு, சொல்வளம் இல்லாமையைவிட இந்தத் திருத்தம் காலந்தாழ்ந்து வருவதே காரணமாயிருக்கலாம். மாக்ஸ்வெல் கவிஞராகவும் இருந்ததனால் அவருக்கு இது புரிந்திருக்கும்.

பழைய டீசல் பம்ப்புகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றின் கவர்னர் எடைகள் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். சாலையோரப் பட்டறையில் கேட்டால் ஒரு சோடியைச் சுழற்றிக் காட்ட மறுக்கமாட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, சீர் என்ற வேரிலிருந்தோ நீகான் என்ற வேரிலிருந்தோ, மெக்கானிக்கின் வாயில் தயங்காமல் வரக்கூடிய ஒரு பெயரை உறுப்பினர் எவரேனும் அமைத்தால் அடுத்த கூட்டத்தில் வைக்கலாம். அந்தக் கூட்டத்துக்குப் பட்டறைக்காரர் ஒருவரையும் அழைப்பது நல்லது. முதலில் சொல்லிப் பார்க்கவேண்டியவர் அவரே.